நான் வனவாசியாக இருந்த ஒன்பது நாள்

தனிமையில் இருந்து செபிக்க ஆசைப்படுகிறவன் அதை முதலில் ஒருவருக்கும் சொல்லக் கூடாது. நான் பதினேழு பேருக்குச் சொன்னேன். பதினெட்டாவதாகச் சொல்ல நினைத்தது எங்கள் ஊர்த் தபால்காரருக்கு. போய் வாயைத் திறக்குமுன்பே, "எப்ப தம்பி வனத்துக்குப் போறீர்?" என்று அவர் கேட்டுவிட்டார்.

மூன்று வருஷத்துக்கு முந்திய கதை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர். அவருடைய கையெழுத்து, தாளில் விழுந்த இறால் ஒன்று துடித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அம்மா கைநாட்டு. ஆகவே நான் உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போன நாளிலிருந்து வீட்டில் மீன் தலை எனக்கு. நான் சொல்வதெல்லாம் புத்தகத்தில் இருந்து வருவதென்று அவர்கள் நம்பினார்கள். (நானும் நம்பினேன். வினை அங்கேதான் தொடங்கியது.)

கிறிஸ்தவ நாகரிகம் என் பாடங்களில் ஒன்று. அதில் வனவாசிகளைப் பற்றி ஓர் ஒப்படை எழுதச் சொன்னார்கள். எகிப்துப் பாலைவனத்துக் குகைகளில், பாணும் உப்பும் தண்ணீருமாக, வருஷக்கணக்காகத் தனியே இருந்து செபித்த மனிதர்களைப் பற்றி. ஒருவர் தூண் ஒன்றின் உச்சியிலே ஏறி முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். எங்கள் வீட்டிலோ கக்கூசுக்குள் ஐந்து நிமிஷம் தனியாக இருக்க முடியாது, தங்கச்சி கதவைத் தட்டுவாள். பத்துப் பக்கம் கேட்ட இடத்தில் முப்பத்தாறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்த கையோடு எனக்கு இறை அழைத்தல் வந்துவிட்டது.

குருமடத்துக்குத்தான் போகப் போகிறேன் என்று அம்மா முதலில் நினைத்துச் சந்தோஷப்பட்டார். குருமடத்தில் மணியடித்து மூன்று நேரமும் சாப்பாடு, பின்னேரம் கரப்பந்தாட்டம். அவ்வளவு ஆடம்பரம் எனக்குத் தேவைப்படவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப சாப்பாட்டுக்கு?" அப்பா கேட்டார்.

"பாணும் உப்பும் தண்ணியும்."

"சம்பல்?"

"இல்லை அப்பா."

"பருப்பு?"

"இல்லை."

அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அம்மாவோடை ஏதும் பிரச்சினையோ?"

தங்கச்சி, "அண்ணை, அங்கை சிக்னல் இருக்கோ? லைவ் போடலாமெல்லே" என்றாள். அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். பிறகு அங்கிருந்து, பானையோடு கதைக்கிற மாதிரி, "இந்த மண்ணிலை பிள்ளையள் காணாமல் போனது காணாதெண்டு, இவர் இப்ப தானாய்ப் போகப் போறார்" என்றார்.

பங்குச் சுவாமி நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கடற்கரையோரம், பண்டத்தரிப்புக்கு அங்கால், இருபது முப்பது வருஷம் ஆமிக்காரர் வைத்திருந்ததால் சனம் போக முடியாமல் கிடந்து பிறகு விடுவிக்கப்பட்ட காணிக்குள், வனத்து அந்தோனியார் சிற்றாலயம் ஒன்று இருந்தது. பாதிக் கூரை. நாலைந்து குடும்பம்தான் அந்தப் பக்கம் திரும்பி வந்திருந்தது. அந்தோனியார் சுருவத்துக்குத் தாடி உடைந்திருந்தது. காலடியில் நிற்கவேண்டிய பன்றிக்குட்டியைக் காணவில்லை.

"ஒன்பது நாள். நவநாள் மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளும். ஒன்பதாம் நாள் பின்னேரம் கதவுத் திறப்பு என்ரை மேசையிலை இருக்கவேணும். பாம்புக்குப் பயமில்லையோ?"

"இல்லை சுவாமி."

"எனக்குப் பயம். அதாலை பாக்க வருவன் எண்டு எதிர்பார்க்க வேண்டாம்."

அடுத்தது அங்கி. மண்ணிறத் துணி வாங்கிக்கொண்டு தையற்காரரிடம் போனேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை அளந்தவர், "பாஸ்கா நாடகத்துக்கோ தம்பி? போன வருஷம் யூதாசுக்கு உதே துணியிலைதான் தைச்சனான். அவருக்கும் உம்மடை அளவுதான்" என்றார்.

ஒக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அப்பா மோட்டார் சைக்கிளில் என்னைக் கொண்டுபோய் இறக்கினார். பத்து றாத்தல் பாண், ஒரு பை உப்பு, தண்ணீர்க் கலன், செபப் புத்தகம். அப்பா சிற்றாலயத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "கடல் நல்லாய்க் கிடக்கு" என்றார். புறப்பட்டு, ஒரு பனையடி தூரம் போய், திரும்பி வந்து, சாரத்து மடிப்புக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். தேசிக்காய் ஊறுகாய்.

"அப்பா, வனவாசியள் உது சாப்பிடமாட்டினம்."

"சாப்பிடக் கூடாதெண்டு எழுதியிருக்கோ?"

யோசித்துப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.

"அப்ப வைச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எகிப்தில் மழை பெய்யாது என்பதை முப்பத்தாறு பக்கம் எழுதியும் நான் கவனித்திருக்கவில்லை. எங்களுக்கு ஒக்டோபர் கடைசி என்றால் மாரி தொடங்குகிற காலம். மூன்றாம் நாள் பாணில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்தது. பூஞ்சணம் பிடிக்காத பகுதியை எறும்பு பிடித்தது. பெரிய வனவாசிகளைச் சோதிக்கப் பிசாசு சிங்கமாகவும் ஓநாயாகவும் வந்ததாம். எனக்குக் காதுக்குள் இரைகிற நுளம்பாக வந்தது. என் தகுதிக்கு அது போதுமென்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

செபத்துக்கு நேர அட்டவணை போட்டிருந்தேன், சோதனைக்குப் படிக்கிற மாதிரி. முதல் நாள் மனம் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. இரண்டாம் நாள் நின்றது, கணவாய்க் கறியில். மூன்றாம் நாள் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தேன். ஆனால் நாலாம் நாள் விடிய, மழை விட்ட கையோடு, வாசற்படியில் இருந்தபோது ஒன்று நடந்தது. கடல் அசையாமல் கிடந்தது. எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை, ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தை நான் இன்றைக்கும் பகிடி பண்ணுவதில்லை.

அதன் பிறகு கந்தையா அண்ணை வந்தார்.

அவர் உள்ளூர்க் கமக்காரர். சைவம். நெற்றி நிறையத் திருநீறு. காணாமல் போன பசு மாட்டைத் தேடிக்கொண்டு வந்தவர், மண்ணிற அங்கியோடு ஓர் உருவம் படியில் இருப்பதைக் கண்டு செருப்பைக் கழற்றிவிட்டார். "சாமி, எங்கடை சிவப்பி இஞ்சாலை வந்தவளோ?"

நான் மௌன விரதம். ஆகவே செபப் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்: "நான் சாமி இல்லை. படிக்கிற பெடியன். மாடு இந்தப் பக்கம் வரவில்லை." கண்ணாடி கொண்டுவராத கந்தையா அண்ணை தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு நாலாக மடித்து, இரண்டு கண்ணிலும் ஒற்றி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்று பின்னேரம் மாடு தானாகவே பட்டிக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை ஒரு கதலி வாழைக்குலை வந்தது. அதற்குப் பின்னால் சனம் வந்தது.

தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் பதுவை அந்தோனியார், கையில் குழந்தை யேசுவோடு நிற்பவர். இவர் வனத்து அந்தோனியார், வேறு ஆள், பல நூற்றாண்டு முந்தியவர். இந்த வித்தியாசம் எனக்கும் பங்குச் சுவாமிக்கும் மட்டும்தான் முக்கியமாக இருந்தது. சனத்துக்கு அந்தோனியார் ஒருவர்தான். அவருடைய கோயிலில் ஒரு சாமி இருக்கிறார், வாய் திறப்பதில்லை, மாட்டைக் கண்டு கொடுத்தார். ஒருத்தி மோதிரத்துக்கு வந்தாள். ஒருவர் கைத்தொலைபேசிக்கு வந்தார். ஒரு குடும்பம் கோழிக்காக வந்தது. (கோழி கிடைக்கவில்லை. ஆனால் அதற்காக என்னைக் குற்றம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டைத்தான் சொன்னார்கள்.)

ஒரு சீவன் வந்து பார்க்கக் கூடாதென்று போனவன் நான். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும், எனக்கு அது பிடித்திருந்தது. பூசைப்பீடத்துக்கு முன்னால் காலை நீட்டிச் சாய்ந்திருப்பேன். சைக்கிள் சத்தம் கேட்டதும் முழங்காலில் நிற்பேன். போகிற சைக்கிளின் சத்தம் ஓய்ந்ததும் மறுபடி சாய்வேன். 'வனவாசிக்கு வருகிற பெரிய சோதனை பசியல்ல, புகழ்' என்று ஒப்படையில் எழுதியவனும் நானேதான். அதற்கு ஏ தந்திருந்தார்கள்.

ஆறாம் நாள் திரேசம்மா வந்தார்.

ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். ஒரு கம்பி முறிந்த குடை, கையில் பொலித்தீன் பை. மற்றவர்களைப் போல என்னிடம் நேரே வரவில்லை. முதலில் அந்தோனியாருக்கு முன்னால் முழங்காலில் நின்று செபித்தார். பிறகு என் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அயல் வீட்டுக்காரியோடு கதைக்கிற மாதிரிக் கதைத்தார்.

"நீங்கள் கதைக்க மாட்டீங்களாம் சாமி. பரவாயில்லை, நான் கதைக்கிறன். மாட்டைக் கண்டு சொன்னீங்களாம். இது மாடில்லை."

பொலித்தீன் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்தத் தாளை எனக்குத் தெரியும். எங்கள் கோயில்களில் ஒவ்வொரு வருஷமும் ஒக்டோபர் கடைசியில் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். அந்தந்த வீட்டில் இறந்தவர்களின் பெயரை அதில் எழுதிப் பீடத்தடிப் பெட்டிக்குள் போடவேண்டும். மரித்த ஆத்துமாக்கள் திருநாளில் பெயர்களை வாசிப்பார்கள், நவம்பர் முழுவதும் அந்த ஆத்துமாக்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தை விட்டு மோட்சம் போகவேண்டுமென்று செபிப்பார்கள். திரேசம்மாவின் தாளில் நாலு பெயர் இருந்தது. ஐந்தாவது கோடு வெறுமையாக இருந்தது.

"என்ரை மகன் றெஜி. பத்தொன்பது வயசு. கடைசிச் சண்டை நேரம் சனத்தோடை சனமாய் வரேக்கை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தனான். ஒருக்கா விழுந்து எழும்பினன். கை இல்லை."

மழை தூறத் தொடங்கியது. அவர் தாளைப் பைக்குள் வைத்து மூடிவிட்டுத் தொடர்ந்தார்.

"பதின்மூண்டு வருஷம். போகாத இடமில்லை, குடுக்காத மனு இல்லை. இப்ப எனக்கு உது ஒண்டுதான் தெரியவேணும் சாமி. இந்தத் தாளிலை அவன்ரை பேரை எழுதவோ, விடவோ? எழுதினால், இருக்கிற பிள்ளையை நானே சாகக் குடுத்த மாதிரி. எழுதாமல் விட்டு அவன் செத்திருந்தால், இவ்வளவு காலமும் உத்தரிக்கிற ஸ்தலத்திலை ஒரு செபமும் இல்லாமல் நிக்கிறான். எல்லாற்றை பிள்ளையளின்ரை பேரும் வாசிக்கினம். தன்ரை பேரும் வருமெண்டு அவன் பாத்துக்கொண்டு நிப்பானெல்லோ?"

அவர் பையை மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.

"மகள் எழுதச் சொல்லுறாள். சுவாமியைக் கேட்டால், உங்கடை மனசு சொல்லுற மாதிரிச் செய்யுங்கோ எண்டுறார். என்ரை மனசு ஒரு நாளைக்கு ஒண்டு சொல்லுது."

குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். ஏழாம் நாளும் வந்தார். அதே கேள்வி. நானும் அதே மௌனம். ஆனால் அது வேறு மாதிரியான மௌனமாகிவிட்டிருந்தது. சைக்கிள் சத்தம் கேட்டு நான் முழங்காலில் நிற்கவில்லை. அவருக்கு என்ன சொல்லலாமென்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்ல எத்தனையோ இருந்தது. கடவுளுக்குத் தாள் தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம். இருக்கிறவனுக்குச் செய்கிற செபமும் இல்லாதவனுக்குச் செய்கிற செபமும் ஓரிடத்துக்குத்தான் போகிறது என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் அவரோடு சேர்ந்து ஒரு செபமாலை சொல்லியிருக்கலாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தோன்றியது. எனக்கு நல்ல புத்தி எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

எட்டாம் நாள் நல்ல மழை. காலை பத்து மணியிருக்கும். குடை காற்றில் மறுபுறம் மடிந்துபோய், தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, பொலித்தீன் பையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரேசம்மா வாசலில் வந்து நின்றார். அன்று கேள்வி கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ எழும்பித் தொண்டைக்கு வந்தது. பரிசுத்த ஆவி என்று நினைத்தேன். எட்டு நாள் பூஞ்சணப் பாணும் ஊறுகாயும் தின்றவனுக்குப் பசி எது, பரிசுத்த ஆவி எது என்று பிரித்தறியத் தெரியவில்லை.

"எழுத வேண்டாம் அம்மா. அவர் இருக்கிறார்" என்றேன்.

அப்பா இறக்கிவிட்டுப் போன பிறகு நான் பேசிய முதல் பேச்சு. குரல் கரகரத்து, வயது போன ஆளின் குரல் மாதிரி வந்தது. திரேசம்மா அப்படியே ஈரத்தோடு நிலத்தில் இருந்தார். அழவில்லை. என் இரண்டு பாதத்தையும் தொட்டுத் தன் வாயில் வைத்துக் கொஞ்சினார். பிறகு எழுந்து மழைக்குள் போனார், குடையை விரிக்காமலே.

எனக்கு அன்று முழுவதும் உடம்பு மிதந்தது. நாளைக்கு வீட்டுக்குப் போகிறோமே என்று கவலைப்பட்டேன். இந்த வாழ்க்கைதான் எனக்கு என்று தீர்மானித்தேன்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. காலையில் ஒரு லான்ட்மாஸ்ரர் சத்தம். அது எங்கள் பக்கத்துக் கமக்காரர்கள் வைத்திருக்கிற இரண்டு சில்லு உழவு யந்திரம். பின்னால் பெட்டி பூட்டி வெங்காயமும் ஏற்றலாம், ஆட்களும் ஏற்றலாம். எட்டிப் பார்த்தேன். ஓட்டிக்கொண்டு வந்தது கந்தையா அண்ணை. பெட்டிக்குள் திரேசம்மாவோடு சேர்த்துப் பதினொரு பெண்கள். ஒவ்வொருவர் மடியிலும் பெரிதாக்கிப் பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு படம். பெடியன்கள், பெட்டைகள், ஒரு கலியாணச் சோடி. ஓர் அம்மாவின் மடியில் இரண்டு படம்.

எனக்கு விளங்கிவிட்டது. எட்டாம் நாள் சொன்ன ஒரு சொல் எங்கே போய், எத்தனை வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்திருக்கிறது என்று விளங்கிவிட்டது.

பெரிய வனவாசி யாராவது இருந்திருந்தால் வெளியே வந்து அவர்கள் முன்னால் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டிருப்பார். நான் பீடத்துக்குப் பின்னாலிருந்த அறைக்குள் ஓடி, யன்னலால் குதித்தேன்.

யன்னலுக்குப் பின்னால் நாலு பாகம் தள்ளிப் பழைய முள்ளுக்கம்பி வேலி. அந்தக் காணிகளை விட்டபோது இதையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கடலுக்குப் போகிறவனின் மகன் வேலி பாய மாட்டானா? பாய்ந்தேன். நான் பாய்ந்தேன், அங்கி பாயவில்லை. முதுகுப் பக்கம் கொழுவி, மேலே இழுபட்டு, தலையை மூடிவிட்டது. ஒரு கால் கம்பியில், ஒரு கால் பெருவிரல் மட்டும் நிலத்தில். அங்கிக்குக் கீழே அரைக் காற்சட்டை. அப்பா வலையில் கண்டால் முகத்தைச் சுளித்துத் திரும்பக் கடலுக்குள் எறிகிற சாதி மீனைப் போலத் தொங்கினேன்.

காலடிச் சத்தங்கள் சுற்றிக்கொண்டு வந்தன.

"ஆர் உது?"

"சாமி போலை கிடக்கு."

"சாமி ஏன் வேலியிலை?"

"சத்தம் போடாதேங்கோ" என்றது கந்தையா அண்ணையின் குரல், நல்ல பக்தியோடு. "தவம். எங்கடை ஆக்களிலையும் ஒற்றைக் காலிலை நிண்டு செய்தவை இருக்கினம்."

(இப்போது சிரிக்கிறேன். அப்போது துணிக்குள் அழுதுகொண்டிருந்தேன்.)

"அசையாதேங்கோ, கிழியும்" என்று சொல்லிக்கொண்டு யாரோ கம்பியிலிருந்து துணியை ஒவ்வொரு முள்ளாகக் கழற்றினார்கள். முகம் வெளியே வந்தபோது எதிரே திரேசம்மா. இருட்டுக் கோயிலுக்குள் மூன்று நாள் பார்த்த முகத்தை அவர் முதல் தடவை வெளிச்சத்தில் பார்த்தார். கன்னத்து முகப்பருவைப் பார்த்தார். மீசை முளைக்கப் பாடுபடுகிற இடத்தைப் பார்த்தார்.

"உமக்கு எத்தினை வயசு?"

"இருபத்திரண்டு."

"என்ன செய்யிறீர்?"

"படிக்கிறன்."

"என்ரை பிள்ளை இருக்கிறான் எண்டு சொன்னீர். கனவு ஏதும் கண்டனீரோ?"

"இல்லை அம்மா."

"ஆராவது சொன்னவையோ?"

"இல்லை."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

"தெரியாது அம்மா."

அவருக்குப் பின்னால் பத்துப் பேரும் படங்களோடு நின்றார்கள். நான் சொன்னது கடைசியில் நின்றவருக்கும் கேட்டது.

"தெரியாமல் ஏன் சொன்னீர்?"

"நீங்கள் மழையிலை நனைஞ்சு போய் நிண்டனீங்கள்…"

"அதுக்கு?"

நான் கிழிந்த அங்கியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஒருவரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு படம் வைத்திருந்த அம்மா மட்டும் சிரிக்கத் தொடங்கினார். நல்ல சத்தமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "இதுக்கே நாங்கள் பஸ்ஸும் பிடிச்சு லான்ட்மாஸ்ரரிலையும் ஏறி வந்தனாங்கள்? உவன் குண்டிக் காற்சட்டையோடை வேலியிலை தொங்கிறதைப் பாக்கவோ?" சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியதென்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் அவருடைய இரண்டு படத்தையும் வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அந்த அம்மாவே முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "உனக்குத் தாய் இருக்கோ?"

"ஓம்."

"எத்தினை நாளாய் இஞ்சை இருக்கிறாய்?"

"ஒன்பது."

"ஒன்பது நாளும் அவ நித்திரை கொண்டிருப்பாவோ?" மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "ஏத்துங்கோ உவனை."

இப்படியாக, பின்னேரம் கொடுக்கவேண்டிய திறப்போடு, கிழிந்த அங்கியை மடியில் வைத்துக்கொண்டு, பெனியனும் அரைக் காற்சட்டையுமாக நான் லான்ட்மாஸ்ரர் பெட்டிக்குள் பதினொரு அம்மாமாருக்கு நடுவில் இருந்து ஊருக்குத் திரும்பினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் வயதுக்காரன் ஒருவன் படத்திலிருந்து பார்த்தான். பாதை மோசம், பெட்டி துள்ளும்போதெல்லாம் யாரோ ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஊருக்குள் வந்தபோது, நான் சொல்லிவைத்த பதினேழு பேரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். தபால்காரர் சைக்கிளைக் காலால் ஊன்றிக்கொண்டு நின்றே பார்த்தார்.

அம்மா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். படங்களோடு ஒரு பெட்டி நிறையப் பெண்கள் வாசலில் வந்து இறங்குகிறதைக் கண்டதும் கத்தி கையிலிருந்து விழுந்தது. எங்கள் ஊரில் அந்தக் காட்சிக்கு என்ன அர்த்தமென்று எவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

திரேசம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனார்.

"உங்கடை பிள்ளையோ?"

"ஓம்."

"இந்தாங்கோ. கையைக் காலைப் பாத்து எடுங்கோ. முழுசாய்த்தான் இருக்கிறான்."

அம்மா உண்மையிலேயே பார்த்தார். செதிலும் இரத்தமுமான கையோடு என் தலையைத் தடவினார், காதைப் பிடித்துப் பார்த்தார், முழங்கையில் கம்பி கீறிய இடத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கன்னத்தில் ஓங்கி ஒன்று தந்தார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதார். நான் அம்மாவின் தோளுக்கு மேலால் பார்த்தேன். படலையடியில் பத்துப் பேரும் நின்றார்கள். ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை. படங்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள், படத்து முகங்கள் எங்களைப் பார்க்கிற மாதிரி.

தங்கச்சி எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றினாள். கோப்பை போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாள். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் கந்தையா அண்ணையிடம் எஞ்சினைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். திரேசம்மா தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீர் சொன்னதைக் கேட்டு நேற்றிரவு நான் நித்திரை கொண்டனான் தம்பி. பதின்மூண்டு வருஷத்துக்குப் பிறகு. விடிய மகள் தட்டி எழுப்பினவள்." கோப்பையை என் கையில் தந்தார். "பொய் சொன்னதைக் கூட விடுவன். அந்த நித்திரைக்குத்தான் உம்மிலை எனக்குக் கோவம்."

அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு மீன் தலை கிடைப்பதில்லை. நான் எங்கேயாவது புறப்பட்டால், யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்ச் சப்பாத்து வாங்கி வருவதென்றாலும், அப்பா கேட்பார்: "திருப்பிக் கொண்டுவந்து தர ஆளிருக்கோ?" தங்கச்சி தன்னுடைய கலியாணப் பேச்சுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கே, "அண்ணை முந்தி வனத்திலை இருந்தவர், சனம் கழற்றிக்கொண்டு வந்தது" என்று சொல்லிவிட்டாள். அந்தக் கலியாணம் நடந்தது. மச்சான் என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறார்.

அந்த வருஷம் திரேசம்மா பெயரை எழுதினாரா இல்லையா என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. அடுத்த ஒக்டோபரில் கந்தையா அண்ணை வீட்டு வாசலில் வந்து நின்றார். "திரேசம்மாவுக்குக் கண் தெரியுதில்லையாம். கோயில் தாள் எழுத அந்தச் சாமிப் பெடியனை வரச் சொன்னவ."

போனேன். ஒவ்வொரு வருஷமும் போகிறேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியராக இருக்கிறேன், ஆகவே என் கையெழுத்து வடிவென்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மகள் தேத்தண்ணீர் வைப்பாள். திரேசம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லுவார். புருஷன். தாய். தமையன். சின்ன வயதில் காய்ச்சலில் போன ஒரு தங்கச்சி. நான் எழுதுவேன். நாலு பெயர் முடிந்ததும் ஐந்தாவது கோடு வரும்.

நான் ஒன்றும் கேட்பதில்லை. பேனையைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு இருப்பேன். அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். ரோட்டில் யாராவது போவார்கள். மகள் குசினிக்குள் சத்தம் போடாமல் நிற்பாள். ஒரு வருஷம் கால் மணித்தியாலம் அப்படியே இருந்தோம்.

"முந்தி எவ்வளவு கெதியாய் மறுமொழி சொன்னீர். இப்ப வாயைத் திறக்கிறீர் இல்லை" என்பார், சிரித்துக்கொண்டு. நானும் சிரிப்பேன்.

கடைசியில் கையை நீட்டி, தாள் எங்கே என்று தடவிப் பார்த்து, அந்தக் கோட்டின்மேல் விரலை வைப்பார்.

"பேனையை மூடும் தம்பி. மை காஞ்சு போகும்."

மூடுவேன்.